வயிற்றுக்குள் ஒரு நாய்க்குட்டி

எங்கள் பள்ளிக்கூடத்தில் படைப்பாற்றல் செவ்வாயும் வியாழனும் மூன்றாவது பீரியடில் வரும். வேறு நேரத்தில் வந்தால் வகுப்புக்கு வெளியே முட்டி போட வேண்டும்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எங்கள் தலைமையாசிரியை எங்கேயோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு கறுப்பு ஒலிப்பெட்டியோடு வந்தார். இசையைக் கேட்டால் குழந்தைகளின் கற்பனை பெருகும், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மனதில் தோன்றுவதை வரையச் சொல்ல வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். மறுநாளே காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இனிமே நம்ம ஸ்கூல்ல யாருக்கும் கற்பனை இல்லைங்கற பேச்சுக்கே இடம் கிடையாது" என்று அறிவித்தார். குழந்தைகள் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள். நாங்களும்தான்.

நான் அந்தப் பள்ளியின் பாட்டு டீச்சர். சரியாகச் சொன்னால் தற்காலிகப் பாட்டு டீச்சர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நட்ட மரம் இப்போது மாடி ஜன்னலை இடிக்கிறது. நான் இன்னும் தற்காலிகம். ஆசிரியர் அறையில் ஒரு நீள மேஜை இருக்கிறது. நிரந்தர டீச்சர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இழுப்பறை, அதற்கொரு சாவி. எனக்குக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் என் துணிப்பை தொங்கும். யாராவது கதவை வேகமாகத் திறந்தால் என் சாப்பாட்டு டப்பா சுவரில் மோதி எனக்கு வருகைப் பதிவு கொடுக்கும். எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அந்த இழுப்பறைகளில் ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

அதனால் பெட்டியைப் பார்த்ததும் முதலில் என் கண் அந்த ஆணிப் பக்கம்தான் போனது. பெட்டியே பாடும் என்றால் அப்புறம் நான் எதற்கு?

"மேடம், இனிமே பாட்டு கிளாஸ்..." என்று இழுத்தேன்.

"நீங்க ஏன் கவலைப்படறீங்க டீச்சர்? பெட்டிக்கு ஒரு ஆள் வேணுமில்ல? பட்டனை யார் அமுக்கறது?" என்றார் தலைமையாசிரியை. அவர் மனதில் அது பெரிய ஆறுதல்.

படைப்பாற்றலின் முதல் நாள் எனக்கு இரண்டாம் வகுப்பில். அந்த வகுப்பில்தான் என் மகளும் படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். பள்ளிக்குள் அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். என்மேல் கோபம் வந்தால் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவளுக்குக் காது கொஞ்சம் கூர்மை. அவள் அப்பா மாடிப்படி ஏறி வருகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு மருந்துக் கடை முதலாளியிடம் திட்டு வாங்கினாரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். "இன்னிக்கு அப்பா செருப்பு தேய்க்குது. ஒண்ணும் கேக்காதே" என்பாள். சரியாகத்தான் இருக்கும்.

பட்டனை அமுக்கினேன். புல்லாங்குழல் வந்தது. குழந்தைகள் கண்ணை மூடிக் கேட்டார்கள், பிறகு வரைந்தார்கள். ஒருவன் தூங்குகிற அத்தையை வரைந்தான். ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரர்கள் பீரோவை நகர்த்துவதை வரைந்தாள். முன் பெஞ்சுக்காரன் ஒரு ஜோடி உயரமான செருப்பை வரைந்து அதற்குக் கொம்பு வைத்திருந்தான். குழல் ஒலித்தபோது வராந்தாவில் டொக் டொக்கென்று நடந்து போனது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அந்தத் தாளை அவசரமாக அடியில் செருகினேன். அதற்குள் அந்தச் செருப்பே உள்ளே வந்துவிட்டது.

தலைமையாசிரியை நேராக என் மகளின் தாளைத்தான் எடுத்தார்.

"இது என்ன?"

"ஃபேன், மேடம்."

"புல்லாங்குழலுக்கு ஃபேனா?"

"இல்ல மேடம். ஃபேனுக்குத்தான் ஃபேன். அது புல்லாங்குழலை விட நல்லா கேட்டுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். தலைமையாசிரியை ஆகாசத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அன்று மாலையே ஆசிரியர் கூட்டம்.

"இந்தக் குழந்தைங்க கேட்டதை அப்படியே வரையுதுங்க. இதுல கற்பனை எங்க இருக்கு? கற்பனைக்கு ஒரு ஒழுங்கு வேணும்" என்றார். கரும்பலகையில் அவரே எழுதிப் போட்டார்: புல்லாங்குழலுக்கு நதி. மத்தளத்துக்குக் குதிரை. மணிக்குப் பட்டாம்பூச்சி. நதிக்கு மூன்று அலை. நான்காவது அலை போட்ட பையனுக்கு அரை மார்க் குறைந்தது. அவன் அப்பா மறுநாள் என்னை வாசலில் பிடித்து, "டீச்சர், இந்தப் படைப்பாற்றலுக்கு நீங்க தனியா டியூஷன் எடுப்பீங்களா?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்தேன். மனிதர் உண்மையாகத்தான் கேட்டார்.

இப்படியாகக் குழந்தைகள் நதியும் குதிரையும் பட்டாம்பூச்சியும் கண்ணை மூடிக்கொண்டே வரையும் நிலைக்கு வந்ததும், பார்வையிடும் குழு வருகிறது என்று செய்தி வந்தது. பள்ளியில் எந்த டீச்சர் தேவை, எந்த டீச்சர் தேவையில்லை என்று முடிவு செய்கிற குழு. அதன் தலைவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் நான் நிரந்தரம். வராவிட்டால் பெட்டியே போதும், பட்டனைப் பியூன் அமுக்கிக்கொள்வார். அன்று காலை என் மகளுக்குத் தலை வாரிவிடும்போது, "கண்ணு, இன்னிக்கு மட்டும் நதி போட்டுடு. ஃபேன் வேண்டாம்" என்று கெஞ்சினேன். "சரிம்மா" என்றாள். குழந்தை மனதில் ஒன்றுமில்லை, சரி என்றால் சரிதான்.

குழுவில் வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் தொப்பையும் நல்ல சிரிப்புமாக இருந்தார். காலையிலிருந்து வேறு பள்ளிகளைச் சுற்றிவிட்டுப் பசியோடு வந்திருந்தார்கள். இரண்டாம் வகுப்புக்குக் கூட்டிவந்து அவர்களையும் கண்ணை மூடச் சொன்னார் தலைமையாசிரியை. பட்டனை அமுக்கினேன். குழல் மெல்ல எழுந்தது. வகுப்பில் பேச்சு மூச்சு இல்லை. அந்த நிசப்தத்தின் நடுவில் தலைவரின் வயிறு நீளமாக ஒரு முறை உறுமி அடங்கியது. நாகரிகம் தெரிந்த யாருக்கும் அது கேட்கவில்லை.

பிறகு தலைவர் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நதி. நதி. நதி. எல்லாம் நீலம், எல்லாவற்றிலும் மூன்று அலை.

"என்னங்க இது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு?"

"ஒத்துமை சார்" என்றார் தலைமையாசிரியை.

தலைவரின் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசி பெஞ்சுக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். என் மகளின் தாளில் ஒரு பெரிய பழுப்பு வட்டம். அதற்குள் சுருண்டு படுத்த ஒரு நாய்க்குட்டி. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்னம்மா கண்ணு?"

"வயிறு."

"யாரு வயிறு?"

"உங்களோடது. உள்ள ஒரு நாய்க்குட்டி இருக்கு. வாசல்ல யாரோ வந்துட்டாங்கன்னு உறுமிச்சு. அப்புறம் தெரிஞ்சவங்கதான்னு படுத்துக்கிச்சு."

தலைமையாசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. நான் அந்த நிமிடமே மனதுக்குள் என் துணிப்பையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். அதே நேரத்தில், வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் மகளை அங்கேயே வாரித் தூக்கி முத்தம் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது.

தலைவர் சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அடேயப்பா! அப்படியேதான் உறுமிச்சு! இதுதாங்க படைப்பாற்றல். யாருங்க இந்தக் குழந்தைக்குச் சொல்லிக் குடுத்தது?"

"எங்க பாட்டு டீச்சர்தான் சார். அவங்க பொண்ணேதான் சார்" என்றார் தலைமையாசிரியை. ஒரு நொடி முன்னால் அவர் வாயைத் திறந்தது வேறு எதையோ சொல்வதற்காக.

"நான் திரும்ப ஒரு தடவை வருவேன். அப்ப எல்லாக் குழந்தைங்களும் இந்த மாதிரி வரையணும். அது மட்டும் நடந்துட்டா டீச்சரோட வேலை நிரந்தரம். இது என் வாக்கு" என்றார் தலைவர்.

நல்ல மனிதர். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அதை யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கரும்பலகையில் நதியும் குதிரையும் பட்டாம்பூச்சியும் அழிந்து போயிருந்தன. அங்கே என் மகளின் நாய்க்குட்டி பெரிதாக்கி ஒட்டப்பட்டிருந்தது.

"மேடம், அவர் நாயைச் சொல்லலைங்க. குழந்தைங்க தானா கேட்டு, தானா யோசிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"டீச்சர், உங்களுக்கு வேலை நிரந்தரம் ஆகணுமா வேண்டாமா?"

"ஆகணும் மேடம்."

"அப்ப நாயை வரைய வைங்க."

வரைய வைத்தேன். வேறென்ன செய்வது? இழுப்பறையின் சாவி என் இடுப்பில் தொங்குவது போல எனக்கு இரண்டு முறை கனவு வந்திருந்தது.

ஆனால் நாய்க்குட்டி வரைய வேண்டுமென்றால் முதலில் வயிறு உறும வேண்டுமே. பயிற்சி முகாமில் கொடுத்த பாட்டுகளில் வயிற்றுச் சத்தம் இல்லை. தலைமையாசிரியை பியூனைக் கூப்பிட்டு, அன்றைக்கு மதியச் சாப்பாடு கிடையாது என்றார்.

"நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?" என்று பதறினார் பியூன்.

"தப்பு இல்லப்பா. கல்விக்காக."

உடைந்த நாற்காலிகள் அடுக்கிய சாமான் அறையில் பியூனை உட்கார வைத்தோம். நான் அவர் வயிற்றருகே போனைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். எவ்வளவு நேரமானாலும் ஒரு சத்தமும் இல்லை. போனை அணைத்தால் உறுமியது. மறுபடி பிடித்தால் சாதுவாகிவிட்டது. "கூச்சமா இருக்குதுங்க டீச்சர்" என்றார் பியூன், ஏதோ தன் வீட்டுப் பிள்ளைக்காகப் பேசுவது போல. கடைசியில் தலைமையாசிரியை ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே ஆட்டினார். அப்போதுதான் வந்தது, மெலிதாக, நீளமாக, அடியில் ஏதோ உரசுவது போல. பதிவானதும் அந்த பிஸ்கட்டை அவருக்கே கொடுத்துவிட்டோம். அந்த அளவுக்கு நாங்கள் மனிதர்கள்தான்.

அதோடு முடியவில்லை. கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாளில் நாய்க்குட்டியின் கோடுகளை அச்சடித்து எல்லா டீச்சருக்கும் கொடுத்தார். குழந்தை வரைந்த தாளின் மேல் அதை வைத்துப் பார்க்க வேண்டும். கோடு கோட்டோடு பொருந்தினால் பத்து மார்க். வால் விலகினால் ஏழு. காது மாறி மடங்கினால் ஐந்து. பள்ளி முழுக்கப் பியூனின் வயிறு உறுமிக்கொண்டே இருந்தது. மழலையர் வகுப்பில் இரண்டு குழந்தைகள் பயந்து அழுதன. வராந்தாவில் போகும்போது பியூன் காதைப் பொத்திக்கொண்டு போவார்.

என் மகளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து வரும் வழியில் கேட்டாள்.

"அம்மா, எல்லாரும் என் நாயையே வரையறாங்களே. அவங்களோடது எங்க?"

"அவங்களுக்கும் இதுதான்டி கண்ணு. பேசாம வா."

"அந்த வயித்துல நாய் இல்லம்மா. அது பியூன் மாமா வயிறு."

நான் வேறு பேச்சுக்கு மாறினேன்.

தலைவர் மறுபடி வரும் தேதி முடிவானது. அதற்கு முந்தின நாள் எல்லா வகுப்பிலும் சோதனை. பட்டனை அமுக்கினேன், வயிறு உறுமியது, குழந்தைகள் தலையைக் குனிந்து நாய் வரைந்தார்கள். தாள்களை வாங்கி அடுக்கும்போது தலைமையாசிரியை என் காதருகே வந்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மார்க் போட்டுட்டு வாங்க. நாளைக்குக் காலையில நானும் ஒவ்வொண்ணா பிளாஸ்டிக்கை வெச்சுப் பார்ப்பேன். ஒண்ணு கூட விலகக் கூடாது. உங்க பொண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. வரைஞ்சவளே தப்பா வரைஞ்சா அவர் என்ன நினைப்பார்?"

மாலை வீட்டில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். எதிரே வாண்டு பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா சோபாவில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு தாளிலும் பிளாஸ்டிக்கை வைத்தேன். நாய் மேல் நாய் வந்து சரியாகப் படுத்தது. பத்து. பத்து. பத்து. இவ்வளவு நாய்க்குட்டிகளை ஒன்றாகப் பார்த்தும் எனக்கு ஒன்றைக்கூடத் தடவிக்கொடுக்கத் தோன்றவில்லை.

அடியில் என் மகளின் தாள் இருந்தது. பழுப்பு வட்டம் அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே நாய் இல்லை. ஒரு காலி பக்கெட் இருந்தது. அதைத் தரையோடு இழுத்துக்கொண்டு போவது போலப் பின்னால் ஒரு நீளக் கோடு.

"இது என்னடி?"

"பக்கெட். பியூன் மாமா வயிறு வேற மாதிரி கேக்குதும்மா. நாய் மாதிரி இல்ல. தண்ணி வராத பைப்புக்கு அடியில இருந்து காலி பக்கெட்டை இழுத்துட்டுப் போற மாதிரி கேக்குது."

நான் மனதுக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பார்த்தேன். சாமான் அறையில் அவ்வளவு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பதிவு செய்தவள் நான். பாட்டு டீச்சர் வேறு. எனக்கு அன்றைக்கு அது கேட்கவில்லை. இப்போது கேட்டது. அது பக்கெட்டேதான்.

"ஏங்க, இதைப் பாருங்க" என்று அவள் அப்பாவிடம் நீட்டினேன்.

அவர் பார்த்தார். "நாயைக் கண்டுபிடிச்சவளே நாய்ல ஃபெயிலா? பத்து போட்டு அனுப்பு."

"மேடம் பிளாஸ்டிக்கை வெச்சுப் பார்ப்பாங்க."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். என் துணிப்பை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலும் எனக்கு ஓர் ஆணிதான். பிறகு விசிறியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும்.

புதுத் தாள் ஒன்றை எடுத்து மகள் முன் வைத்தேன்.

"கண்ணு, ஒரே ஒரு தடவை. அந்த நாய்க்குட்டியை மறுபடி வரைஞ்சிடறியா? அம்மாவுக்காக."

"நாளைக்கு அந்தத் தொப்பை மாமா வராரா?"

"ஆமா."

"அப்ப உனக்கு வேலை குடுப்பாரா?"

"குடுப்பார்."

அவள் சீவி வைத்த பென்சில் ஒன்றை எடுத்தாள். பிளாஸ்டிக் தாளை ஒரு முறை பார்த்துவிட்டு வரைந்தாள். அவள் கை, அவள் நாய். வராமல் எங்கே போகும்? நிமிர்ந்த காது, மடங்கிய காது, இடப்பக்கம் வால். மேலே பிளாஸ்டிக்கை வைத்தேன். மற்ற எல்லாரையும் விட அச்சாகப் பொருந்தியது. சிவப்புப் பேனாவால் பத்து என்று எழுதினேன். அவள் நாற்காலியில் முட்டி போட்டு எட்டி, அந்த நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது சத்தமே போடலம்மா" என்றாள்.

அழுதால் ஏன் என்று கேட்பாள், அவளுக்கு என்ன சொல்வது? தாள்களை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டேன். மேஜையில் அந்தப் பக்கெட் மட்டும் தனியாகக் கிடந்தது.

"அம்மா, இதை நான் வெச்சுக்கட்டுமா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"யார்கிட்டயும் காட்ட மாட்டேன், டீச்சர்" என்றாள்.

"வெச்சுக்கோ" என்றேன்.

அவள் அதை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போய், அலமாரியில் தன் துணிகளுக்கு அடியில் வைத்தாள். பிறகு அலமாரிக் கதவை, அது எப்போதும் கிரீச்சென்று கத்துகிற கதவு, இரண்டு கையாலும் பிடித்துச் சத்தம் வராமல் சாத்தினாள்.